சின்னது, பெருசு, அகலமாக்கின கேட்

போயிட்டா. நிசமாலுமே போயிட்டா. செவப்புக் கலர்ல அந்தச் சின்ன வண்டி ஷோரூம் வாசல் சரிவுல மெதுவா எறங்குச்சு, இண்டிகேட்டரைப் போட்டுட்டு நின்னுச்சு, நின்னுட்டே இருந்துச்சு, பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சும் அசையல, அப்புறம் ஒரு பஸ்சுக்கு வழி விட்டுட்டு அவினாசி ரோட்டுக் கூட்டத்துல கலந்துருச்சு. ஓட்டிட்டுப் போறது என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி. அம்பத்தெட்டு வயசு. லைசன்ஸ் கைக்கு வந்து நாலு மாசம்கூட ஆகல. பக்கத்துல ஷோரூம்காரி ஜெசிந்தா உக்காந்திருக்குது, பாவம், அது பொறந்தப்ப வசந்தாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நீங்களும் வாங்க சார், பின்னாடி நல்லா எடம் இருக்குதுன்னு அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு. இல்லம்மா, முழங்கால் வலிக்குது, நான் இங்கயே இருந்து பெரிய வண்டியப் பாத்துட்டிருக்கறேன்னு சொல்லிட்டேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்ல. நான் போயிருந்தா வசந்தா என்னைய முன்னாடி உக்காரச் சொல்லியிருப்பா. அவ ஓட்ட, நான் இடது பக்கத்து சீட்டுல கையக் கட்டிட்டு. முப்பத்தாறு வருஷத்துல என்ற சொந்தக் கார்ல அந்த சீட்டுல நான் உக்காந்ததே இல்ல. அது அவ சீட்டு. இடது பக்கம் அவ, வலது பக்கம் நான், நடுவுல தண்ணி பாட்டிலும் முறுக்குப் பொட்டலமும். பழனிக்கும் அப்படித்தான், மக மேகலை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனப்பவும் அப்படித்தான். இப்ப திடீர்னு எடம் மாறி உக்காருன்னா எப்படி உக்கார்றது. மணி பதினொண்ணு பத்து. இருபது நிமிசத்துல வந்தர்றோம்னு சொன்னாங்க.

பெருசுக்குள்ளதான் உக்காந்திருக்கறேன். டிரைவர் சீட்டுல. கதவை இழுத்துச் சாத்துனதும் வெளிய ஷோரூம்ல ஓடற பாட்டுச் சத்தம் பட்டுனு நின்னுபோச்சு, புதுத் தோல் வாசம் மட்டும். ஸ்டீரிங்கைப் பிடிச்சா கைக்கு அம்சமா இருக்குது. வண்டி வழவழன்னு டைல்ஸ் மேல நிக்குது, நாலு பக்கமும் கண்ணாடி, முன்னாடி ஒரு பெரிய வாழைச்செடித் தொட்டி, எங்கயும் போக முடியாது, ஆனாலும் நான் பிடிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கறேன். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மூஞ்சி, அண்ணன் தம்பி. அண்ணன் தம்பிய விட நீளத்துல கிட்டத்தட்ட ஒரு முழம், அகலத்துல நாலு விரக்கடை அதிகம். எனக்கு அளவு தெரியும். கணபதில லேத் பட்டறை வெச்சு முப்பது வருஷம் ஓட்டுனவன், ஒரு நூல் கூடக்கொறைய இருந்தா கையிலயே சொல்லுவேன். மேகலை பெங்களூர்ல இருந்து போன்ல சொல்லிட்டா, அப்பா பெருசே எடுங்க, நாங்க வந்தா எல்லாரும் போலாம்னு. வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வர்றவளுக்கு இது ஒரு பேச்சு. வசந்தா ஒரே வார்த்தைதான் சொன்னா, சின்னதுன்னா நம்ம சந்துக்குள்ள எனக்குத் திருப்ப வருமுங்கன்னு. எனக்குன்னு சொன்னா பாருங்க. அந்த 'எனக்கு'லதான் நான் மூணு வாரமா மாட்டிட்டிருக்கறேன். ஏன்னா விசயமே அதுதான். சின்னது எடுத்தா அவ ஓட்டப் போறா. பெருசு எடுத்தா நான் ஓட்டுவேன். மத்ததெல்லாம் ஜெசிந்தா சொல்ற கணக்கு.

நான் ஏன் பெருசுன்னு நிக்கறேன்னு யாருக்கும் தெரியாது. இதுல கேமரா இருக்குது. நாலு பக்கமும். நடுவுல இருக்கற டிவில வண்டிய மேல இருந்து பாக்கற மாதிரி காட்டுது, இடது பக்கம் ஏதாச்சும் வந்தா அந்தக் கண்ணாடியில ஆரஞ்சு லைட்டு எரியும், கீங் கீங்னு சத்தமும் போடும். சின்னதுல பின்னாடி மட்டும்தான். ஜெசிந்தா அந்த ஆரஞ்சு லைட்டப் பத்திச் சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடிச்சுக்குச்சு, அந்தப் பொண்ணு சன்ரூஃபுக்குத்தான் நான் மயங்கிட்டேன்னு நெனச்சுக்குச்சு. போன மாசி மாசம் கண்ணாடி மாத்தறதுக்குன்னு கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன், தனியா. அங்க ஒரு கிண்ணம் மாதிரி மெசினுக்குள்ள தலைய வெச்சு, வெளிச்சப் புள்ளி தெரியறப்பெல்லாம் பட்டனை அமுத்துங்கன்னாங்க. கொஞ்ச நேரத்துலயே எனக்கு சந்தேகம் வந்துருச்சு, இவ்வளவு நேரம் ஒண்ணுமே வரலையேன்னு. லேத் மிசின் தாளம் கேட்டு வளந்த காது. புள்ளி எத்தனை நொடிக்கு ஒருக்கா வருதுன்னு புடிச்சுட்டேன், தெரியாட்டியும் அந்தத் தாளத்துக்கு அமுத்திட்டே இருந்தேன். அறுபத்திநாலு வயசுல பரீட்சைல பிட்டு அடிச்ச மாதிரி. டாக்டரம்மா பேப்பரைப் பாத்துட்டு சிரிச்சாங்க. புள்ளியே காட்டாதப்பவும் அமுத்தியிருக்கீங்களேங்க, மெசினு அதையும் எழுதி வெச்சுருதுங்கன்னாங்க. அப்புறம் சிரிக்கல. கண்ணுக்குள்ள அழுத்தம், இடது கண்ணுல பக்கப் பார்வை போயிருச்சு, போனது வராது, இருக்கறத மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம், கார் மட்டும் இனி வேண்டாமுங்கன்னாங்க. கருப்பா தெரிஞ்சா மனுசனுக்கு ஒரு பயமாச்சும் வரும். கருப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இடது பக்கம் உலகம் இருக்கறதையே காணோம், அது காணோம்ங்கறதும் தெரியறதில்ல. ஊட்டுக்கு வந்து வசந்தாகிட்ட, தூசி அலர்ஜியாம், சொட்டு மருந்து குடுத்திருக்காங்கன்னேன். சரிங்கன்னு வாங்கி ஃபிரிட்ஜ்ல முட்டை வெக்கற குழியில வெச்சா. அன்னைலேருந்து சாப்பிட்டு முடிச்சதும் கொண்டாந்து மேஜைல வெக்கறா, தூசி மருந்து போட்டுக்குங்கன்னு.

பதினொண்ணு இருபது. காப்பி குடுத்தாங்க, கப்பு பெருசு, காப்பி சின்னது. கேட்டைச் சொல்லணும். அது என்ற புத்திசாலித்தனம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே ஊட்டுக் கேட்டோட இடது தூண்ல பழைய காரு மூணு வாட்டி உரசிருச்சு. முத வாட்டி கண்ணாடி போச்சு, ரெண்டாவது வாட்டி கதவு, மூணாவது வாட்டி செம்பருத்தித் தொட்டி. தப்பு யாரு மேல? தூண் மேலதான். வழி குறுகலு, கட்டுன இன்ஜினியருக்கு அறிவில்லன்னு கத்திட்டு, அளவு டேப்பை எடுத்து அளந்து, கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தத் தூணை இடிச்சு ஒன்றரை அடி அக்கட்ட தள்ளிக் கட்டிப்போட்டேன். கேட்டும் புதுசு. எதுத்த ஊட்டு மாரிமுத்து, ஏனுங்கண்ணா லாரி வாங்கப் போறீங்களான்னு லொள்ளு பண்ணுனான். கண்ணைச் சோதிக்காம கேட்டைச் சோதிச்ச ஆளு ஊர்லயே நான் ஒருத்தன்தான் இருப்பேன், கூமுட்டை. மத்த நேரம்னா வசந்தா அந்தத் தூணைப் பத்தி வண்டி வண்டியாக் கேள்வி கேட்டிருப்பா, சிமெண்டு எத்தனை மூட்டை, எதுக்கு, இப்ப என்ன அவசரம்னு. அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டா, மிச்சத் தொட்டியெல்லாம் வலது பக்கமா மாத்தி வெச்சரட்டுங்களான்னு. வெச்சுக்கன்னேன். வலது பக்கம். அட, ஏன் வலது பக்கம்? வெயிலு இடது பக்கம்தானே விழுகுது. செம்பருத்திக்கு வெயிலு வேணுமேன்னு அவதானே சொல்லிட்டிருப்பா. வலது பக்கம் மதில் நெழல்ல பூவே புடிக்கல இந்த வருஷம், பூ இல்லைன்னு ஒரு நாளும் அவ பொலம்பல.

போன வாரம் போர்ட்டிகோ தரையில ரெண்டு வண்டியையும் சாக்பீஸ்ல வரஞ்சேன். பட்டறைப் பழக்கம், எதையும் முழு அளவுல தரையில போட்டுப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை. பெருசு வெளிய, சின்னது உள்ள, கதவு தொறந்தா எவ்வளவு வரும்னு வளைவு கூடப் போட்டேன். வசந்தா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துட்டு வந்து சின்ன வண்டிக்குள்ள வலது பக்கமாப் போட்டு உக்காந்துட்டா. கையத் தூக்கி ஸ்டீரிங் பிடிச்சுட்டு, எங்கீங்க போலாம், மருதமலைக்கான்னு கேட்டா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. நீயும் உன்ற வண்டியும், மொதல்ல கியர் போடுடின்னேன். இது ஆட்டோமேட்டிக்குங்கன்னா. முப்பத்தாறு வருஷத்துல இவ என்னைய எத்தனை வாட்டி சிரிக்க வெச்சிருக்கறா, அதுக்கெல்லாம் நான் ஒரு நாளாச்சும் நல்ல வார்த்தை சொல்லியிருக்கறனா, குழம்புல உப்பு கம்மின்னு மட்டும் உடனே சொல்லிருவேன். அடுத்த நாள் காத்தால பேப்பர் எடுக்க வந்தப்ப பாத்தேன், கோடெல்லாம் நறுக்குனு இருந்துச்சு. பரவால்லையே, நம்ம கை இன்னும் சுத்தமாத்தான் இருக்குதுன்னு தட்டிக் குடுத்துக்கிட்டேன். இப்ப இந்த ஸ்டீரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறப்பத்தான் உறைக்குது. இடது பக்கக் கோடு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. மத்த மூணு பக்கம் என்ற சாக்பீஸ், மஞ்சக் கலரு. வெள்ளை, கோலமாவு. நான் போட்ட இடது கோடு எங்க போய் முடிஞ்சுதோ, எப்படிக் கோணிட்டுப் போச்சோ, எனக்கே தெரியாது. அவ விடியறதுக்குள்ள காலால அழிச்சுட்டு, கோலமாவுல நேராப் போட்டு வெச்சிருக்கறா. போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி காப்பி கொண்டாந்து குடுத்தா.

சாமி. அப்ப அவளுக்குத் தெரியும். இல்ல, இரு, அவசரப்படாத. கீரைக்காரம்மா. பங்குனில, நம்ம சந்து முக்குல இடது பக்கம் திருப்புறேன், வசந்தா ஏனுங்கன்னு ஒரே கத்து, கத்துனதோட இல்லாம ஸ்டீரிங்கை எட்டிப் பிடிச்சு வலதுல இழுத்துட்டா. வண்டி குலுங்கி நின்னப்ப என்ற இடது பக்கம், ஒரு கையகல தூரத்துல, கூடையத் தலைல வெச்சுட்டு கீரைக்காரம்மா நிக்குது. ரெண்டு கட்டு கீழ விழுந்துருச்சு, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. நான் என்ன பண்ணுனேன்? வசந்தாவைத் திட்டுனேன். ஓட்டறவன் கையில கை வெக்கறியே, அறிவிருக்குதான்னு. நடு ரோட்டுல, அந்தம்மா முன்னாடி. வசந்தா எறங்கிப் போயி கூடையோட மொத்தக் கீரையும் வாங்கிட்டு வந்தா. மூணு நாளைக்கு ஊட்டுல அரக்கீரைக் கடைசல், அரக்கீரைப் பொரியல், அரக்கீரை வடை. என்னடி இது ஆட்டுக்குப் போடற மாதிரின்னு கேட்டேன். சாப்பிடுங்க, கண்ணுக்கு நல்லதுன்னா. கண்ணுக்கு நல்லதுன்னா! அடுத்த திங்கக்கெழமை டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. எதுக்குடி இந்த வயசுலன்னா, ஆசையா இருக்குதுங்கன்னா. பொய்யி. ஸ்கூட்டர் பின்னால உக்காந்தாக் கூட கண்ண மூடிக்கறவ. மொத நாள் கிளாஸ் முடிச்சுட்டு வந்து பாத்ரூம்ல வாந்தி எடுத்தா, வெயிலுன்னு சொன்னா, நானும் வெயிலுன்னு நம்புனேன். முன்னெல்லாம் எங்க நடந்தாலும் நாலடி பின்னால வருவா, முன்னால வாடின்னு நான் கத்தணும். இப்ப கொஞ்ச நாளா ஒட்டிட்டே வர்றா, எப்பவும் இடது பக்கமா. காத்தால இந்த ஷோரூம் படியேறறப்பவும் இடது பக்கமாத்தான் வந்தா, கையி என்ற முழங்கையில. வயசாக ஆகத்தான் இவளுக்கு என் மேல பிரியம் கூடுதுன்னு உள்ளுக்குள்ள ஒரு கெத்து எனக்கு. கெரகம். கண்ணு தெரியாத பக்கமாப் பாத்து அவ வந்து நின்னுட்டிருக்கறா, நான் அதைக்கூட ஒழுங்காப் பாக்கல.

பதினொண்ணு நாப்பது. இருபது நிமிசம்னாங்க. போன் அடிச்சேன், எடுக்கல. வண்டி ஓட்டறப்ப எடுக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க, எடுக்காததுதான் சரி, ஆனா எடுத்துத் தொலைக்கலாமல்ல. ஜெசிந்தா நம்பரும் என்கிட்ட இல்ல. ஹோப் காலேஜ்கிட்ட பஸ்காரங்க எப்படி வருவாங்கன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு லேன் மாத்தறதுன்னாலே பயம். அவ்வளவு பயத்தோட இத்தனை மாசமா ஓட்டப் பழகியிருக்கறா, ஏன், நான் என்ற வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலைன்னுதான். நான் மெசினையே ஏமாத்தப் பாத்தவன். இந்த ஆரஞ்சு லைட்டையும் அப்படித்தானே. கீங் கீங்னு அடிக்கறப்ப நான் பிரேக்கு போடறதுக்குள்ள அந்தக் கீரைக்காரம்மா எங்க இருக்கும்? டாக்டரம்மா வேண்டாம்னாங்க, கேமரா இருந்தா ஓட்டிக்குங்கன்னு சொல்லல. எதுக்கு இவ்வளவு வீம்பு. ஸ்டீரிங்கை விட்டா நான் யாரு? சென்னியப்பன் வண்டிய எடுத்துட்டு வந்தார்னு சொல்லுவாங்க, சென்னியப்பனை ஏத்திட்டு வந்தாங்கன்னு சொல்லப் போறாங்க. சொல்லட்டும். வசந்தா முழுசா வந்து சேரட்டும், அது போதும். சின்னதே எடுத்துக்கலாம்னு சொல்லிர்றேன், வந்ததும் மொத வார்த்தை அதுதான். முருகா, அந்தச் செவப்பு வண்டியக் கண்ணுல காட்டு. வலது கண்ணுலயாச்சும்.

வந்துட்டா. நான் கார்க் கதவைத் தொறந்து வெச்சுட்டு வாசலைப் பாத்துட்டிருந்தேன், வண்டி இடது பக்கமா வந்து நின்னதே தெரியல, சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன். எறங்குனா, மூஞ்சியெல்லாம் வேர்வை, மூக்குத்தி பளபளன்னு. மேடம் சூப்பரா ஓட்டறாங்க சார், நாங்க ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டோம்னு ஜெசிந்தா சொல்லுச்சு. ஏர்போர்ட் வரைக்குமா. நான் பெருசுல இருந்து எறங்குனேன். அவதான் மொதல்ல பேசுனா, சேலைத் தலைப்புல கழுத்தைத் தொடச்சுட்டே.

"சின்னது நல்லாத்தான் இருக்குதுங்க. பெருசையும் ஒருக்கா ஓட்டிப் பாத்தர்றேன். உங்களுக்கு அதுதானே புடிச்சிருக்குது. கேட்டைத்தான் அகலமாக்கியாச்சே."

மூஞ்சில சிரிப்பும் இல்ல, கோவமும் இல்ல. ஜெசிந்தா வெளிய நிக்கற பெரிய வண்டிக்குச் சாவி எடுக்கப் போயிருந்துச்சு. நான் தரையப் பாத்துட்டுக் கேட்டேன்.

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது வாட்டி கதவை உரசுனீங்கள்ல, அப்பவே."

"கேக்கறதுதானே."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்றதுக்குள்ள நான் ஓட்டப் பழகிக்கலாம்னு."

அறுபத்திநாலு வயசு ஆம்பளை, கார்க் கடையில நின்னு அழுதா நல்லாவா இருக்கும், காப்பி சூடுன்னு சொல்லலாம்னா அது குடிச்சு அரை மணி நேரமாச்சு. அவ என்ற இடது பக்கமா வந்து முழங்கையப் பிடிச்சுட்டா. வெளிய போனோம். பெருசோட வலது பக்கம் அவ ஏறுனா, பின்னாடி ஜெசிந்தா, நான் சுத்திட்டுப் போயி இடது பக்கக் கதவைத் தொறந்து உக்காந்தேன். உக்காந்துட்டேன். ஒண்ணும் இடிஞ்சு விழுகல. வண்டி கெளம்புச்சு. திரும்பிப் பாத்தேன், வசந்தா இருந்தா. முழுசா இருந்தா. நான் ஓட்டறப்ப இவ உக்காந்திருக்கறது என்ற இடது பக்கம். எத்தனை நாளா அங்க வெறும் குரலும் முறுக்கு கடிக்கற சத்தமும்தான் எனக்கு. இப்ப என்ற நல்ல கண்ணுப் பக்கம் இருக்கறா, காதோரம் நரை, கன்னத்துல வேர்வைக் கோடு, கோலம் போடறப்ப பண்ற மாதிரி நுனி நாக்கை ஓரமா வெளிய தள்ளிட்டு ரோட்டைப் பாக்கறா. பயந்துட்டேதான் ஓட்டறா, ஆனா நல்லா ஓட்டறா. கையத் தொடலாம்னு நீட்டுனேன், எட்டல. நடுவுல பொட்டி மாதிரி பெருசா ஒண்ணு, கை வெச்சுக்கறதுக்காம். நாலு விரக்கடை அகலம் அதிகம்னு பேப்பர்ல படிச்சப்பப் புடிபடாத அளவு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. சின்னதுல முழங்கை முழங்கைல இடிக்கும்.

"சின்னதே எடுத்துக்கலாம்டி"ன்னேன்.

அவ ரோட்டுல இருந்து கண்ணை எடுக்கல. "அப்ப அவ்வளவு பெரிய கேட் எதுக்குங்க?"

"இருக்கட்டும். நீ புதுசா ஓட்டறவ, உரசிருவ."

சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா, ஸ்டீரிங்கை மட்டும் விடல. நான் அதைப் பூராவும் பாத்தேன்.